மூளை அலையால் கணினியை இயக்குவது: வீட்டில் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணை மூடினால் திரையில் ஒரு விளக்கு எரிய வேண்டும், திறந்தால் அணைய வேண்டும். இந்த வழிகாட்டியின் முதல் பாதி இந்த ஒரு காரியத்துக்காகத்தான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த விளக்கை எரிய வைத்தது மூளைதான், தாடைத் தசையோ இமைத் தசையோ அல்ல என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தால், மற்றவை எல்லாம் பின்னாலேயே வரும்.

இதை ஏன் முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே அதில் தவறியிருக்கிறேன். நெற்றியில் ஒரு எலக்ட்ரோடு (தோலிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் சிறு தொடுமுனை) ஒட்டி, ‘கவனம் குவித்தால்’ நகரும் பந்து ஒன்றைச் செய்தேன். நன்றாகவே நகர்ந்தது. ஒரு நண்பர் வந்து, “பல்லைக் கடிக்காம செஞ்சு காட்டுங்க” என்றார். பந்து அசையவில்லை. இரண்டு வாரமாக நான் அளந்துகொண்டிருந்தது தசையின் மின்சாரத்தை. கைகால் அசைக்க முடியாத ஒருவருக்கு அதைக் கொடுத்திருந்தால், அவருக்கு எதுவுமே நடந்திருக்காது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் ‘இது மூளைதானா’ என்று சோதித்த பிறகே அடுத்த படிக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எதை அளக்கிறோம்

மூளையின் மேற்பரப்பில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது, அவற்றின் மின்னழுத்தம் மண்டையோட்டையும் தோலையும் தாண்டி மிகமிக மெல்லியதாக வெளியே வருகிறது. அதைப் பதிவது இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் மனித மூளையில் இதை முதன்முதலில் பதிந்தார்; 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடினால் விநாடிக்குப் பத்து முறை அளவில் ஓர் அலை எழுவதைக் கண்டு அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நாம் எரியவைக்கப் போகும் விளக்கு அந்த அலையில்தான் எரியும்.

அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தலையில் கிடைக்கும் அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். 30 மைக்ரோவோல்ட் அலையைவிட அது 50,000 மடங்கு பெரியது. சுற்றியுள்ள ஒவ்வொரு ஒயரும், ஒவ்வொரு தசையும் இந்த அலையைவிட உரக்கக் கத்தும். எண்ணங்களைப் படிப்பது, மனதில் நினைத்த சொல்லை எடுப்பது எல்லாம் இந்தக் கருவியால் ஆகாது. நம்பகமாகக் கிடைக்கும் அடையாளங்கள் நான்கைந்துதான். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதை ஒரு பொத்தான் ஆக்குகிறோம். அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ஜாக் விடால் 1973-இல் ‘மூளை-கணினி இடைமுகம்’ என்ற பெயரை வைத்தபோது தொடங்கிய வேலை இதுதான்.

படி 1: கருவி

மிகக் குறைந்த செலவில் தொடங்க ஒரு சேனல், அதாவது தலையில் ஓரிடத்தின் அலையை மட்டும் பதியும் வழி, போதும். டில்லியில் இயங்கும் அப்சைட் டவுன் லேப்ஸின் பயோஆம்ப் இ.எக்ஸ்.ஜி. பில் என்ற சிறிய பெருக்கிப் பலகையும் அதைக் கணினியோடு இணைக்க ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் இருந்தால் ஆல்ஃபா வேலை நடக்கும். அதன் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளவும் முடியும். பல சேனல் வேண்டும் என்றால் ஓப்பன்பி.சி.ஐ. சைட்டன்: எட்டு சேனல், 24 பிட், விநாடிக்கு 250 மாதிரிகள். மியூஸ் போன்ற தலைப்பட்டைகள் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மட்டுமே தொடும். தியானப் பயிற்சிக்குச் சரி. பின்மண்டையில் நாம் செய்யப்போகும் வேலைக்கு அவை பொருந்தாது.

எலக்ட்ரோடு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இ.சி.ஜி. எடுக்க நெஞ்சில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் எலக்ட்ரோடு முடி இல்லாத இடத்தில்தான் பிடிக்கும். பின்மண்டைக்குக் கிண்ண வடிவ எலக்ட்ரோடும், அதில் நிரப்பும் கடத்துப் பசையும் வேண்டும். பலகைக்குப் பணம் செலவழித்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: பாதுகாப்பு

தலையில் எலக்ட்ரோடு இருக்கும் நேரத்தில் மடிக்கணினி பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும். சுவர் மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணினியுடன் யு.எஸ்.பி. ஒயரால் இணைத்த பலகையைத் தலையில் மாட்டாதீர்கள். மோசமான சார்ஜர் ஒன்றில் கசிவு வந்தால், அது போவதற்கு நல்ல ஈரமான பாதையை நாமே போட்டுக் கொடுத்திருக்கிறோம். புளூடூத்தில் பேசும், பேட்டரியில் ஓடும் கருவி இன்னும் நல்லது. அப்புறம், இங்கே நாம் மின்சாரத்தை அளக்கிறோம், செலுத்துவதில்லை. மூளைக்குள் மின்சாரம் செலுத்தும் சோதனைகள் இணையத்தில் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 3: தலையைத் தயார் செய்வது

இந்தப் படியில் பொறுமையாக இருங்கள். பல வெளிநாட்டுக் கையேடுகள் ‘தோலைச் சுத்தம் செய்யவும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். நம் வீடுகளில் தலையில் எண்ணெய் இருக்கும். தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. முந்தின நாள் வைத்த எண்ணெயே எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திரை போட்டுவிடும். முதல்நாள் இரவு ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெயோ கண்டிஷனரோ வைக்காமல் உட்காருங்கள்.

இடம் குறிக்கத் தையல்காரர் டேப் போதும். மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து, உச்சி வழியாக, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு வரை அளங்கள். அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு புடைப்பிலிருந்து மேலே ஏறினால் வரும் இடம் ஓ-இஸட். பார்வை மூளைக்கு நேர் மேலே உள்ள புள்ளி அது. மொத்த நீளம் 36 செ.மீ. என்றால் புடைப்பிலிருந்து 3.6 செ.மீ. மேலே. சரி பாதியில், உச்சியில் வருவது சி-இஸட். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் பயன்படும் 10-20 முறை இதுதான். எல்லாமே விகிதம் என்பதால் சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் ஒரே இடம் கிடைக்கும்.

ஓ-இஸட் இடத்தில், வகிடு எடுப்பதுபோல் சீப்பின் நுனியால் முடியை விலக்குங்கள். தோல் தெரிய வேண்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பசை நிரப்பிய கிண்ணத்தை வைத்து லேசாக அழுத்துங்கள். மேலே ஒரு பஞ்சுத் துண்டு வைத்துப் பட்டை கட்டினால் நகராது. ஒப்பீட்டு எலக்ட்ரோடு ஒரு காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் மேல். தரை எலக்ட்ரோடு மறு காதுக்குப் பின்னால். இந்த இரண்டுக்கும் ஸ்டிக்கர் போதும். தொடர்பின் மின்தடையைக் காட்டும் கருவி இருந்தால் 10 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை சரிசெய்யுங்கள்.

படி 4: இரைச்சல்

இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. பதிவைத் திறந்ததும் பெரும்பாலும் அதுதான் தெரியும், தடித்த ஒரு கறுப்புப் பட்டையாக. மென்பொருளில் 50 ஹெர்ட்ஸை வெட்டும் வடிகட்டி போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அறையைப் பாருங்கள். எலக்ட்ரோடு ஒயர்கள் மூன்றையும் பின்னல் போடுங்கள். தனித்தனியாகத் தொங்கினால் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டெனா. மின்விசிறியின் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட் சோக் இவற்றை விட்டுத் தள்ளி உட்காருங்கள். விசிறிக் காற்று ஒயரை ஆட்டினாலே அலை வரும். பத்து நிமிடம் வியர்த்தாலும் பரவாயில்லை, அணைத்துவிடுங்கள்.

படி 5: ஆல்ஃபாவைப் பிடிப்பது

30 விநாடி கண் திறந்து ஒரு புள்ளியைப் பாருங்கள். பிறகு 30 விநாடி கண்களை மெதுவாக மூடுங்கள், இறுக்காமல். இப்படி ஐந்து சுற்று பதிவு செய்யுங்கள். பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள் சைட்டன் போன்ற கருவியிலிருந்து பிரெயின்ஃப்ளோ நூலகத்தால் எடுத்து, எம்.என்.இ. நூலகத்தால் அலசலாம். இரண்டும் இலவசம்.

இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் அதிர்வெண் வரைபடம் போடுங்கள். கண் மூடிய பகுதியில் 10 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குறுகிய மேடு எழுந்திருக்க வேண்டும், கண் திறந்த பகுதியில் அது அடங்கியிருக்க வேண்டும். இந்த வடிவம்தான் சான்று. தசை இப்படி வராது. தசையின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸிலிருந்து நூறுகள் வரை அகலமாகப் பரவி, வரைபடத்தின் வலப்பக்கம் முழுவதையும் தூக்கிவிடும். வேண்டுமென்றே பல்லைக் கடித்து 10 விநாடி பதிந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்பிறகு, தசை பரவும் அதே பகுதியில் வரும் வேகமான அலையை ‘பீட்டா அலை, கவனம்’ என்று விற்கும் பல செயலிகளின் படங்களைப் பார்க்கும்போது உங்களுக்கே புரியும்.

சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா சிறியதாக இருக்கும். மேடு வரவில்லை என்றால் உங்கள் மூளையில் குறை எதுவும் இல்லை. முதலில் தொடர்பைச் சரிபாருங்கள், பிறகு வீட்டில் இன்னொருவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

படி 6: முதல் பொத்தான்

கடைசி 2 விநாடித் துண்டை எடுத்து, 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையுள்ள திறனைக் கணக்கிடுங்கள். கால் விநாடிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். படி 5-இல் கண் திறந்த, மூடிய பகுதிகளில் வந்த அளவுகளுக்கு நடுவே வரம்பு வையுங்கள். ஒரே வரம்பு வைத்தால் விளக்கு துடிதுடிக்கும். எரிய ஒரு மேல் வரம்பு, அணைய ஒரு கீழ் வரம்பு என இரண்டு வையுங்கள். கண் மூடும் முதல் விநாடியில் இமை அசைவு கலந்திருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். வரம்பைத் தாண்டியதும் ஸ்பேஸ் பொத்தானை அழுத்துவதுபோல் கணினிக்கு ஒரு கட்டளை அனுப்பினால் ஆயிற்று. பைஆட்டோகுய் நூலகம் அதை ஒரே வரியில் செய்யும்.

இந்த ஒற்றைப் பொத்தானைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தும் முறையில், ஒரு பொத்தானைக் கொண்டே முழு உரையாடலும் நடத்தலாம். கண்ணை மூடினால் திரை தெரியாதே என்றால், சொற்களைக் குரலில் ஒலிக்கவையுங்கள்.

படி 7: பார்த்தாலே தேர்வாகும் நான்கு பெட்டிகள்

ஒரு கட்டம் விநாடிக்கு 12 முறை மின்னுவதைப் பார்த்தால், பின்மண்டையில் 12 ஹெர்ட்ஸ் அலை எழும். நான்கு கட்டங்கள் நான்கு வேகத்தில் மின்னினால், எதைப் பார்க்கிறீர்கள் என்று அலையே சொல்லிவிடும். பயிற்சி அதிகம் தேவைப்படாத, வீட்டில் நன்றாக வேலை செய்யும் முறை இது. என் தேர்வு இதுதான்.

ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்குமோ வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். வலிப்பைத் தூண்டும் ஆபத்து 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை மின்னும் ஒளியில் மிகவும் அதிகம். மற்றவர்களும் அந்த வேகங்களைத் தவிர்ப்பதே நல்லது.

திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் நினைத்த வேகமெல்லாம் கிடைக்காது. 60-ஐ முழு எண்ணால் வகுத்து வருபவைதான் சுத்தமாக மின்னும்: 12, 10, 8.57, 7.5. நேரத்தை வைத்து மின்னவிடாமல் திரைச் சட்டகங்களை எண்ணி மின்னவிடுங்கள். சைக்கோபை என்ற நிரல் தொகுப்பு அதற்கு ஏற்றது. பெட்டிகளைத் திரையின் நான்கு மூலைகளில் வையுங்கள். 4 விநாடி பார்த்தபின் முடிவெடுக்கட்டும். பழகியதும் நேரத்தைக் குறைக்கலாம்.

ஒரு சேனல் இருந்தால் நான்கு வேகங்களிலும் அவற்றின் இரட்டிப்பிலும் உள்ள திறனை ஒப்பிட்டாலே போதும். இங்கே பலர் மாட்டுவது 10 ஹெர்ட்ஸ் பெட்டியில். கொஞ்சம் அசதியானால் உங்கள் சொந்த ஆல்ஃபாவே 10-இல் எழுந்து, பார்க்காத பெட்டியைத் தேர்வு செய்துவிடும். அதனால் ஒவ்வொரு வேகத்தையும் அதன் இரு பக்கத்து அதிர்வெண்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு தனித்து நிற்கிறது என்று பாருங்கள். பல சேனல் உள்ளவர்கள் சி.சி.ஏ. என்ற புள்ளியியல் முறைக்குப் போகலாம்.

சோதனை இல்லாமல் நகராதீர்கள். திரையை அட்டையால் மறைத்துவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதத்தை ஒட்டித்தான் சரியாக வர வேண்டும். மறைத்த திரையிலும் 60 சதவீதம் வந்தால், ஒயர் வழியாகவோ நிரலில் எங்கோ ஓரிடத்திலோ விடை கசிகிறது.

படி 8: கற்பனை அசைவு

வலது கையை அசைப்பதாக நினைத்தாலே இடது பக்கம், உச்சிக்கும் காதுக்கும் இடையே சி3 என்ற இடத்தில் 8–12 ஹெர்ட்ஸ் தாளம் தாழும். இடது கையென்றால் வலது பக்கத்தில், சி4-இல். ‘மனதால் நகர்த்துவது’ என்று மக்கள் நினைப்பதற்கு மிக அருகில் வருவது இதுதான், மிகவும் கஷ்டமானதும் இதுதான். 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இது போதுமான அளவு கைவராது என்று ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள்.

உங்கள் தலையில் தொடங்காதீர்கள். ஃபிசியோநெட் தளத்தில் 109 பேரின் பதிவுகள் 64 எலக்ட்ரோடுகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன, எம்.என்.இ. நூலகமே அவற்றை இறக்கித் தரும். கையா காலா என்று பிரிக்கும் பயிற்சியை முதலில் அதில் செய்யுங்கள். முறை இது: 7 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுவது, எந்த எலக்ட்ரோடுகளை எந்த விகிதத்தில் கலந்தால் இரண்டும் நன்றாகப் பிரியும் என்று சி.எஸ்.பி. முறையால் கண்டுபிடிப்பது; பிறகு எல்.டி.ஏ. என்ற எளிய வகைப்படுத்தியிடம் கொடுப்பது. ஆழ்கற்றல் எல்லாம் இந்த அளவு தரவுக்கு அவசரம் இல்லை.

இங்கே செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. மொத்தத் தரவிலும் சி.எஸ்.பி.யைக் கணக்கிட்டுவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரிப்பது. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது அது. பிரித்த பிறகு பயிற்சிப் பகுதியில் மட்டும் கணக்கிடுங்கள். எண்ணையும் நிதானமாகப் பாருங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லும் சோதனையை 40 முறை செய்து 24 சரியாக வந்தால் மகிழ வேண்டாம். காசு சுண்டினாலும் அது அடிக்கடி வரும். 26-ஐத் தொட்டால்தான் தற்செயலுக்கான வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது.

உங்கள் தலையில் செய்யும்போது கையை மனதில் ‘பார்க்க’ முயலாதீர்கள், உணருங்கள். சப்பாத்தி மாவு பிசையும்போது உள்ளங்கையில் ஏறும் அழுத்தம், கிணற்றில் வாளி இழுக்கும்போது விரல்களில் வரும் இறுக்கம், அப்படி ஒன்று. முன்கைத் தசையில் ஒரு எலக்ட்ரோடு ஒட்டி அதையும் கூடவே பதியுங்கள். கற்பனை நேரத்தில் அது அமைதியாக இருந்தால்தான் கிடைத்த அலை கற்பனையுடையது.

படி 9: தமிழில் தட்டச்சு

1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 6×6 கட்டத்தில் எழுத்துகளையும் சில கட்டளைகளையும் வைத்து, வரிசைகளையும் பத்திகளையும் மாற்றி மாற்றி ஒளிரவிட்டார்கள். வேண்டிய எழுத்து ஒளிரும்போது சுமார் 300 மில்லிவிநாடி கழித்து மூளையில் ஒரு மேடு எழும். அதற்கு பி300 என்று பெயர். ஒரு சுற்றில் 12 ஒளிர்வுகள், அதில் இரண்டு நம் எழுத்துக்கு உரியவை. ஒரு தடவையில் மேடு தெரியாது. 16 தடவையின் சராசரி எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

இந்தக் கட்டம் தமிழுக்கு அழகாகப் பொருந்துகிறது. 247 எழுத்தும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மீதம் ஐந்து கட்டங்களில் இடைவெளி, அழி, முற்றுப்புள்ளி, ஆம், இல்லை. உயிர்மெய்யை நிரல் சேர்த்துக்கொள்ளும்: த், அ, ண், ண், ஈ, ர் என்று ஆறு தேர்வில் ‘தண்ணீர்’ வந்துவிடும். ஆனால் ‘தண்ணீர்’, ‘வலி’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘விசிறி’ போன்ற அன்றாடத் தேவைகளை எழுத்துக்கூட்ட வைக்காதீர்கள். அவற்றுக்குத் தனிப்பக்கம் கொடுங்கள்.

ஒருவருக்காகச் செய்வதானால்

தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிக்கோ பக்கவாதம் வந்தவருக்கோ செய்ய நினைத்தால், முதலில் அவரிடம் மிச்சமிருக்கும் அசைவைத் தேடுங்கள். ஸ்டீபன் ஹாக்கிங் கடைசிக் காலத்தில் கணினியை இயக்கியது கன்னத் தசையின் அசைவால்தான். கண் அசைகிறது என்றால் கண்ணைப் பின்தொடரும் கேமரா இ.இ.ஜி.யைவிட வேகமானது, பசையும் வேண்டாம். எதுவும் அசையாதபோதுதான் மூளை அலை. முதலில் தசையும் மூளையும் வேறு வேறு என்று பிரித்துப் பழகியது இந்த இடத்தில்தான் உதவும்: தசை வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதையே நேர்மையாகப் பயன்படுத்தலாம்.

மூளைக்குள் வைக்கும் கருவிகள் வெகுதூரம் போய்விட்டன. 2004-இல் அமெரிக்காவில் கைகால் செயலிழந்த மேத்யூ நேகிள் என்பவரின் மூளையில் 96 எலக்ட்ரோடு கொண்ட தகடு வைக்கப்பட்டது. அவர் நினைவால் கர்சரை நகர்த்தினார். 2021-இல் வெளிவந்த ஆய்வில், கை செயலிழந்த ஒருவர் எழுதுவதாகக் கற்பனை செய்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் தொட்டார். வீட்டுக் கருவியோடு அவற்றை ஒப்பிட முடியாது. அவை அறுவை சிகிச்சையும் ஆய்வுக்குழுவும் சேர்ந்த வேலை.

நோயாளியின் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அமர்வு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அசதி வந்தால் அலை மாறும். கருவி சொன்ன ‘ஆம்’ என்பதை அவருடைய ஆம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், விடை தெரிந்த கேள்விகள் இருபது கேளுங்கள். “உங்க ஊர் மதுரையா?” “உங்களுக்கு மூணு பிள்ளைகளா?” பாதி ஆமாகவும் பாதி இல்லையாகவும், கலைத்துப் போட்டு. கேட்பவருக்கு விடை தெரியலாம், ஆனால் கணினியைத் தொடுபவருக்கும் திரையைப் படிப்பவருக்கும் தெரியக்கூடாது. இருபதில் பதினேழோ பதினெட்டோ சரியாக வந்தால், அன்றைக்கு அவரிடம் உண்மையான கேள்வியைக் கேளுங்கள், அதையும் இரண்டு விதமாகத் திருப்பிப் போட்டு. பத்து பதினொன்று என்று வந்தால், எலக்ட்ரோடைக் கழற்றி, தலையைத் துடைத்துவிட்டு, “இன்னைக்கு மெஷின் சரியில்ல, நாளைக்கு வர்றேன்” என்று அவர் காதருகே சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்குக் கேட்கும்.